மண்ணாங்கட்டி வீட்டில் மூன்று பேர்

எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்குக்கு வந்து மண்ணாங்கட்டி வீடு எது என்று கேட்டால், யாரும் கதவு எண் சொல்லமாட்டார்கள். "மீன் வூடா? ரெண்டாவது மாடி, செங்கொடி வூட்டுக்கு எதுர்ல" என்பார்கள். அந்தச் செங்கொடி நான்தான். தண்ணீர் லாரி வந்தால் வரிசை கட்டி மேய்க்கிறவள், ரேஷன் கடையில் எடை குறைந்தால் கத்துகிறவள், மாடிப்படியில் எச்சில் துப்பினால் துப்பியவனையே துடைக்க வைக்கிறவள். என் பெயர் தெரியாத ஆள் இந்த பிளாக்கில் கிடையாது. அப்படிப்பட்ட என்னையே இப்போதெல்லாம் "மீன் வூட்டுக்கு எதுர்வூடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடுப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, அந்த மீன் அப்படி.

மண்ணாங்கட்டி அண்ணன் ஹார்பரில் வேலை பார்த்தவர். கப்பல் வயிற்றுக்குள் இறங்கிச் சரக்கு ஏற்றி இறக்குகிற கேங். கோதுமை வந்தால் கோதுமைத் தூசியோடு, உரம் வந்தால் உர நாற்றத்தோடு, கண் சிவந்துபோய்ப் படியேறி வருவார். பேச்சு குறைவு. "நாஷ்டா ஆச்சா அண்ணே?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். ஆச்சா, ஆகவில்லையா என்பதை அந்த ஆட்டிலிருந்து நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் சேர்த்துப் பேசுவது அவர் சம்சாரம் கெங்கம்மா. கெங்கக்கா கல்யாண வீடுகளில் சமையல் மாஸ்டருக்குக் கையாளாகப் போகிறவள். அண்டா சாம்பாரில் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கி, உப்பு சரியா என்று சொல்வது அவள் வேலை. அவள் தலையாட்டாமல் மாஸ்டர் அடுப்பை அணைக்கமாட்டார். ஒரே மகள் மகிழினியை மாதவரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இரண்டே பேர்.

ஹார்பரில் விருப்ப ஓய்வு என்று ஒன்று வந்தபோது அண்ணன் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கூட இருந்தவர்களில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் குடித்தே தீர்த்தார்கள். அண்ணன் மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார், பேங்கில் போட வேண்டியதைப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கொளத்தூரிலிருந்து மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. ஆள் படுக்கிற நீளம். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். முதல் மாடியில் படி திரும்புகிற இடத்தில் ஆலிஸ் வீட்டுக் கதவில் இடித்து, ஆலிஸ் மாமியார் வாயில் விழுந்து, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தது.

"இன்னாத்துக்குய்யா இத்து?" என்றாள் கெங்கக்கா.

"மீன் வளக்க."

"காசிமேட்டுல இல்லாத மீனா?"

"உசுரோட. கடல் மீனு. கலரு மீனு."

"சரிதான். ரிட்டேராயி ஒரு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள ஆளுக்கு மர கயண்டுபோச்சி. செங்கொடி, நீயே வந்து கேளு இந்த நாயத்த" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போய்க் கேட்டேன். அண்ணன் தொட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, என் ஆயுசில் அவர் பேசிக் கேட்ட மிக நீளமான பேச்சைப் பேசினார். "இத்தினி வருசம் தண்ணி மேல தான் வேல செஞ்சேன் செங்கொடி. கீய குனிஞ்சி பாத்தா ஆயிலு, குப்ப, கருப்புத் தண்ணி. கடலுக்குள்ள உசுரு கீதுன்றாங்க. நான் ஒண்ணக்கூடப் பாத்ததில்ல. பாக்கணும்." அவ்வளவுதான். எனக்கு வாயடைத்துவிட்டது. என் வாயை அடைத்த ஆட்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் தேசப்பன் என்று அவருக்கு ஒரு தோஸ்து. ஃபைபர் போட் வைத்திருந்தார். கடலுக்குள் பாறைத் திட்டு இருக்கிற இடத்தை அவர்கள் 'பார்' என்பார்கள். அங்கே விரித்த நண்டு வலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குஞ்சு உயிரோடு மாட்டியிருக்கிறது. தேசப்பன் அதை வாளியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். வாளியை அண்ணன் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கால் நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி உருட்டி, எண்ணூரிலிருந்து வந்து சேர்ந்தார். கடல் தண்ணீரும் தேசப்பன்தான். கரையோரத் தண்ணீர் கலீஜ் என்று நல்ல உள்கடலில் போய் மொண்டு நீலக் கேன்களில் கொடுப்பார். வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீரை ஊற்றுவார்.

மீன் வந்தபோது கருநீல உடம்பில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி இருந்தது. தொட்டி விற்ற கொளத்தூர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "ப்ளூ ரிங் ஏஞ்சல்ணே, விடாதீங்க" என்றார். தேசப்பனைக் கேட்டால், துன்ன உதவாத மீனுக்கு பேரு எதுக்கு என்று சொல்லிவிட்டார். வளர வளர அதன் நிறமே மாறிப்போனது. வெள்ளைக் கோடு அழிந்தது. உடம்பு துலக்கிய பித்தளை நிறத்துக்கு வந்தது. அதன் மேல் நீலக் கோடுகள் வளைந்து வளைந்து முதுகுக்கு ஏறின. தோள்பட்டை இடத்தில் ஒரு நீல வளையம், வால் மட்டும் வெள்ளை. பழைய மீன் செத்துப்போய் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மீனை மாற்றிவிட்டார் என்று பிளாக்கில் ஒரு கூட்டம் சத்தியமே செய்தது. அண்ணன் பாட்டுக்கு மீனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டுக் குந்திக்கொண்டார்.

கெங்கக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பேரே சனியன்தான். "சனியன் துன்னுச்சா? சனியன் தூங்குச்சா?" அண்ணன் அதற்கு எறா வாங்கி உரித்துப் பொடியாக நறுக்கிப் போடுவார். ஒருநாள் கெங்கக்கா முறத்தோடு நடையில் வந்து நின்று பிளாக்குக்கே கேட்கிற மாதிரி, "கட்டிக்கினு வந்தவளுக்குக் காரப்பொடி மீனு, கண்ணாடில கீறதுக்கு எறாவா? இன்னா நாயம்டா இது!" என்று ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கம்தான் பேசினேன். ஆனால் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். கரண்ட் போனால் காற்று விடுகிற மோட்டார் நின்றுவிடும். அப்போது அண்ணன் ஒரு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு, டீ மாஸ்டர் ஆத்துவது போல உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். கை கடுத்துப்போனால் கெங்கக்கா திட்டிக்கொண்டே சொம்பைப் பிடுங்கி அவள் ஊற்றுவாள். "சாவுடா சனியனே, சாவு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

இப்படியே ரெண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வந்தது அந்தக் கோடை. இரண்டாயிரத்து நாலு.

மெட்ராஸ்காரர்களுக்கு அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. செங்குன்றம் ஏரி வெடித்துக் கிடந்தது. எங்கள் அடிபம்பை அடித்தால் காற்றுதான் இருமிக்கொண்டு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வந்து தெருமுனைக் கருப்பு டேங்கை நிரப்பும். முதல் லாரிக்கே குடுமிப்பிடிச் சண்டை. ரெண்டாவது லாரிக்கு நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். பெரியவர்களுக்குத் தலைக்கு ரெண்டு குடம், குழந்தைக்கு ஒரு குடம். நான் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், பெயர் சொன்ன ஆளுக்குத் தண்ணீர். எல்லோருக்கும் கொடுத்து முடித்தால் டேங்க் அடியில் ஒரு குடம் தேறும். அது முதல் மாடி ஆலிஸுக்கு என்று பொதுவில் முடிவு செய்திருந்தோம். அவளுக்குக் கைக்குழந்தை. வேர்க்குருவில் பிள்ளை ராவும் பகலும் அழுதுகொண்டிருந்தது. பிள்ளை பங்குக் குடம் துணி அலசவே போய்விடும், இந்த ஒரு குடத்தில்தான் அதற்குக் குளியல்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் நீலக் கேன்களைப் படியேற்றுவதை மூன்றாவது மாடி பக்தவச்சலம் பார்த்துவிட்டார். பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். யார் எப்போது வருகிறார்கள், யார் எப்போது போகிறார்கள் என்று பார்க்கிற புத்தி ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. "ஊரே நாக்கு வறண்டுகினு கீது, இவுரு கேன் கேனா ஏத்திக்கினு போறாரு. நீ தான லைன் பாக்கற? கேளு!" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கடல் தண்ணி" என்றார் அண்ணன்.

"யார்கிட்ட பீலா வுடற? ஊத்து பாப்போம்."

அண்ணன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். உதட்டில் வைத்துப் பார்த்தால் போதாதா? பக்தவச்சலத்துக்கு இருந்த தாகமோ, கோபமோ, ஒரே மடக்கு. அப்புறம் அவர் முகம் போன போக்கைப் பார்த்து கெங்கக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. அந்த மனுஷன் நடையில் உட்கார்ந்து குமட்டி முடித்து, "அடப்பாவி, இத்துல ஒரு உசுரு வாயுதா?" என்று கேட்டார். அண்ணன் அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். அன்றிலிருந்து சாயங்காலமானால் மேலே இருந்து ஒரு நாற்காலி இறங்கி வரும், ரெண்டு பேரும் மீனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சே இருக்காது. என்னத்தைப் பார்க்கிறார்களோ!

சித்திரை பாதியில் அண்ணனுக்கு முட்டி வீங்கிவிட்டது. படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முன்னைப் போலப் பல கேன் கொண்டுவர முடியவில்லை. அதனால் பாதித் தண்ணீரை மாற்றுகிற வேலையை நிறுத்திவிட்டார். தொட்டியில் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும், கிடைக்கிற ஒரு கேனில் இருந்து ஊற்றிச் சமாளித்தார். அக்னி நட்சத்திரம் வேறு. மீனுக்குப் புழுங்குமே என்று வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பிவைத்தார். அதற்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. ஃபேன் காற்றில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. இறங்க இறங்க அவர் கடல் தண்ணீரை ஊற்றினார். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்றுவார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மீனுக்கு என்னவோ ஆகிவிட்டது. முதலில் பித்தளைப் பளபளப்பு போனது. அப்புறம் மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டு செவுளை வேகவேகமாக அடித்தது. எறாவை மூக்குக்கு நேராகக் காட்டினாலும் திரும்பிக்கொண்டது. அண்ணன் கொளத்தூரிலிருந்து ஒரு மருந்து வாங்கிவந்து விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பக்தவச்சலம் கோயில் விபூதி கொண்டுவந்து தொட்டியின் கண்ணாடியில் பூசினார். அண்ணன் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். எனக்கு அந்த மீன் மேல் கோபம் கோபமாக வந்தது. வாய் பேசாத ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று கேட்டார், அதுவும் இப்படிக் கிடந்து இழுக்க வேண்டுமா!

கெங்கக்கா அன்றைக்குத் தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். துடைத்தவள் என்ன நினைத்தாளோ, தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு, உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, அண்டா சாம்பாரை நக்குகிற மாதிரி நக்கினாள். முகம் சுருங்கியது. நேராகப் போய் மூலையில் இருந்த கேனைத் திறந்து அதிலும் ஒரு துளி நக்கினாள். மறுபடி தொட்டி. மறுபடி கேன்.

"யோவ், ரெண்டும் ஒரே தண்ணியா?"

"ஆமா. தேசப்பன் கொடுத்தது."

"ஒரே தண்ணி இல்லய்யா. கேன்ல கீறது சாம்பாரு. தொட்டில கீறது சுண்டிப்போன சாம்பாரு."

அண்ணன் புரியாமல் பார்த்தார். கெங்கக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அடுப்புல வெச்ச கொயம்பு சுண்டிப்போச்சின்னா இன்னா ஊத்துவ? தண்ணி ஊத்துவியா, திரும்பக் கொயம்பே ஊத்துவியா? காத்துல போறது வெறுந் தண்ணிய்யா! உப்பு எங்கயும் போவல, அப்டியே குந்திக்கினு கீது. நீ மேல மேல உப்ப ஊத்திக்கினே கீற!"

"கடல் மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தச் சொல்றியா? செத்துரும்டி."

"இப்ப மட்டும் இன்னா, டான்ஸா ஆடுது?"

அண்ணன் நொண்டிக்கொண்டே கீழே இறங்கி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து கொளத்தூர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் "ஐயோ, ஆமாண்ணே! குறையுறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாராம். ஒரே நாளில் நிறைய ஊற்றினால் மீன் தாங்காது, ஒரு குடம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு குடம் நல்ல தண்ணீர், அப்படிப் பல நாள் செய்ய வேண்டும், அதுவும் மருந்து வாடை போக ஒருநாள் திறந்து வைத்த தண்ணீராக இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நல்ல தண்ணீர்! மொத்த மெட்ராஸும் அதற்குத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டுக்கு நாலு குடம். அதை வைத்துத்தான் குடிக்க, சமைக்க, துவைக்க, கழுவ, எல்லாம். ரெண்டு லாரிக்குத் தங்கள் பங்கிலிருந்தே ஒரு குடம் எடுத்து மீனுக்கு ஊற்றினார்கள். எங்களுக்குத் தெரியாது. அதற்கடுத்த லாரி அன்று நான் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறேன். மண்ணாங்கட்டி வீட்டுக்கு நாலு குடம் பிடித்தாகிவிட்டது. கெங்கக்கா நகரவில்லை.

"இன்னாக்கா?"

"எனக்கு இன்னொரு குடம் வோணும் செங்கொடி."

கெங்கக்கா யாரிடமும் ஒரு கைப்பிடி உப்பு கூடக் கேட்டது கிடையாது. கல்யாண வீட்டில் மிச்சமான பூந்தியை நமக்குக் கொண்டுவந்து கொடுக்கிற கை அது. வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்கு? மகிழினி வந்துகீதா?"

"மீனுக்கு."

சிரிப்பும் கூச்சலும் ஒன்றாகக் கிளம்பியது. "மீனுக்குக் குடமா? அப்டின்னா எங்க வூட்டு எலிக்கு யாரு குடுப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, "அக்கா, தலைக்குத் தான் தண்ணி. தலைன்னா மனுசத் தல. உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் போட முடியாது" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

"எனக்குத் தெரியாதாடி உன் சட்டம்?" என்றாள் கெங்கக்கா. "அந்தாளு குடிக்கிறதையே நிறுத்திட்டாருடி. அவுரு பங்க அதுக்கு ஊத்தறாரு. நேத்து வெய்யில்ல சோத்துக்கு ஒக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு. நான் சொன்னா கேக்கல. அவுரையும் அந்த மீனையும் ரெண்டையும் எங் கையால பாத்துக்கினு இருக்க முடியல." அதுவரை எலிக்குத் தண்ணீர் கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்தவச்சலம் தன் குடத்தைக் கீழே வைத்தார். "நான் அந்தத் தண்ணியக் குடிச்சவன். சாதாரணக் கடல் தண்ணிக்கே உசுரு போயி வந்துச்சி. இப்ப கீறது அத்தவிட மோசமாம்" என்றார்.

ஆனால் தேறுகிற குடம் ஒன்றுதான். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோர் கண்ணும் ஆலிஸ் பக்கம் போயிற்று. அவள் இடுப்பில் பிள்ளை, கழுத்தெல்லாம் சிவந்து தடித்து, அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"எம் புள்ளய நான் எப்டிக் குளிப்பாட்டறது?" என்றாள் ஆலிஸ். கத்தவில்லை. நியாயமான கேள்வி, நியாயமாகவே கேட்டாள். கெங்கக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

எனக்கு அவளை அப்படி அனுப்ப மனசு வரவில்லை. ஏதாவது பேசி நிறுத்த வேண்டுமே என்று, "இருக்கா. எங்கிட்ட பேரு சொல்லாத ஆளுக்குத் தண்ணி கெடயாது. அதுக்குப் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

சனியன் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். கெங்கக்கா தூக்கிய குடத்தைக் கீழே இறக்கினாள்.

"குப்பு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பிறக்கிற பிள்ளை தங்காமல் போய்க்கொண்டே இருந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைப்பார்கள். எமனுக்கும் வேண்டாம் என்று தோன்றட்டும் என்பதற்காக. குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி. பிழைக்க வேண்டிய பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். எல்லோரையும்விட ஆலிஸுக்குத் தெரியும். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. சர்ச்சில் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும், இடுப்பில் தூங்குகிறவனை வீட்டில் அவர்கள் கூப்பிடுவது பிச்சை என்றுதான்.

ஆலிஸ் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"எத்தினி நாளைக்கிக்கா?"

"அது துன்ற வரைக்கும்" என்றாள் கெங்கக்கா. "துன்ன ஆரம்பிச்சா போதும். அப்பால ஒரு சொட்டு கேக்கமாட்டேன். மெய்யாலுமே."

ஆலிஸ் என்னைப் பார்த்தாள். அதில் பேச எனக்கு உரிமை இல்லை. "கூப்புடு" என்றாள் அவள். நான் வரிசையைப் பார்த்து, "மண்ணாங்கட்டி வூடு. மண்ணாங்கட்டி, கெங்கம்மா, குப்பு" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. டேங்க் அடியில் தேறிய குடம் குப்புவுக்குப் போயிற்று.

அந்தக் குடத்தை நடையில் வாய் திறந்து வைத்துவிட்டு, காக்கை மூக்கை விடாமல், போகிறவர் வருகிறவர் கை விடாமல், கெங்கக்கா பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் ஒரு குடம் தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றுவாள். ஊற்றிவிட்டு உள்ளங்கையில் ஒரு துளி. "இன்னும் கரிக்குது" என்பாள். ஃபேன் கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. அண்ணன் முன்னால் நின்று, ஒரு சொம்புத் தண்ணீர் அவர் தொண்டைக்குள் இறங்குகிற வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். "நீயும் குடி, அதுவும் குடிக்கட்டும். ரெண்டும் எனக்கு வோணும்." இந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. திட்டும் போது இருக்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

ஆலிஸ் பிள்ளையை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஒப்பேற்றினாள். பிள்ளை அழுகிற சத்தம் ரெண்டாவது மாடிக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கெங்கக்கா பாவம், தலையில் கை வைத்துக்கொள்வாள். ஒருநாள் குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று கிளம்பியவளை ஆலிஸே படியில் மறித்து, "குடுத்தத வாங்கற பயக்கம் எங்க வூட்ல இல்லக்கா. அத்தப் பொயைக்க வெய்யி மொதல்ல" என்று திருப்பி அனுப்பினாள். ஆனால் மீன் மூலையிலேயேதான் கிடந்தது. செவுள் அடிப்பது கொஞ்சம் நிதானமாகியிருக்கிறது என்று பக்தவச்சலம் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது தேறாது, அண்ணனை எப்படித் தேற்றப்போகிறோம் என்றுதான் நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஒருநாள் காலை. வாயில் பிரஷ்ஷோடு நடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு கூச்சல். விழுந்தடித்துக்கொண்டு கெங்கக்கா வெளியே வந்தாள். தலை விரிந்து கிடக்கிறது, புடவை எங்கேயோ போகிறது.

"துன்னுச்சிடி! செங்கொடி, துன்னுச்சிடி! எறா துன்னுச்சிடி!"

பட்பட்டென்று கதவுகள் திறந்தன. மேலே இருந்து பக்தவச்சலம் பனியனோடு ஓடிவந்தார். நானும் உள்ளே ஓடினேன். அண்ணன் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். விரலில் நறுக்கிய எறா. மீன் மூலையைவிட்டு வெளியே வந்து, கண்ணாடியை ஒட்டி நின்று, அடுத்த துண்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. நீல வளையம் நன்றாகத் தெரிந்தது. அண்ணன் பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தார், துடைத்துக்கொள்ளக் கூட இல்லை. "இன்னாண்ணே இது, கொயந்த மாறி!" என்று அதட்டினேன். வாயில் நுரை இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. சந்தோஷத்தில் எனக்கும் கண் மறைத்தது.

திரும்பிப் பார்த்தால் கெங்கக்காவைக் காணோம். நடையில் காவலில் இருந்த குடத்தையும் காணோம். படியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இடுப்பில் நிறைகுடத்தோடு, ஒரு சொட்டு சிந்தாமல், அவள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஆலிஸ் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எம் புள்ள துன்னுச்சி ஆலிஸு" என்றாள். "உம் புள்ளயக் குளிப்பாட்டு."

ஆலிஸ் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து, அங்கேயே நடையில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் போட்டுக்கொண்டாள். கெங்கக்கா சொம்பில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.